நாடிக்காரரும் மாப்பிள்ளையின் காலும்

என் பெரியப்பா எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் ஒரு பெடலைத் தேடும். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை, முடிவெட்டும் கடையின் சுழல் நாற்காலி, ஆஸ்பத்திரி வராந்தாவின் பெஞ்சு என்று எதுவானாலும் சரி. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மெல்லக் கீழே அமுக்குவார். பஸ் வேகமாகத் திரும்பும்போது அமுக்கினால் அது தொழில் புத்தி என்று விட்டுவிடலாம். பேச்சு அவருக்குப் பிடிக்காத பக்கம் திரும்பினாலும் அமுக்குவார். நான் ஏழாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டபோது, அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் பள்ளிக்கு அவர்தான் வந்தார். தலைமையாசிரியை என் மதிப்பெண்களை வாசிக்க வாசிக்க மேசைக்கடியில் அந்தக் கால் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் தரையோடு தரையாக நின்றதும் கேட்டார்:

"கணக்கு வாத்தியாரை மாத்திப் பார்த்தீங்களா டீச்சர்?"

பழுது என்று வந்தால் அவர் முதலில் திறந்து பார்ப்பது பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான்.

சுற்றுவட்டாரத்தில் அவருக்கு நாடிக்காரர் என்று பெயர். பெடலில் காலை வைத்ததும் வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார் என்பது பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவரே. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஒரு லாரி ஷெட்டில் சக்கரம் கழுவப் போனவர். ஒருநாள் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று சரிவில் இறங்கி நேராக ஷெட் முதலாளியின் வீட்டுச் சுவரில் போய் நின்றது. மற்றவர்களின் சுவர்களை லாரிகள் இடித்தவரை அமைதியாக இருந்த முதலாளி, மறுநாளே பிரேக் வேலைக்கென்று தனியாக ஓர் ஆளை வைத்தார். அப்படித்தான் பெரியப்பா பிரேக்காரர் ஆனார். அதற்குப் பிறகு இஞ்சினை அவர் தொட்டதில்லை.

"வண்டியை ஓட வைக்க ஆயிரம் பேர் இருக்கான். நிக்க வைக்கத்தான் ஆள் இல்ல" என்பார்.

இதைச் சொல்கிறவரின் சைக்கிளுக்கு எனக்குத் தெரிந்து பிரேக் கிடையாது. செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துவார். வருடத்துக்கு நான்கு ஜோடி தேயும். "செருப்புக் கடைக்காரன் உங்களுக்குச் சிலை வைப்பான்" என்று பெரியம்மா சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயந்திரப் பொறியியல் முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டபடி எட்டு மாதம் அவருடைய ஷெட்டில் இருந்தேன். உதிரிபாகங்களை வரவழைப்பது, பெட்டிகளின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது என் வேலை. என் பட்டத்தின் நகலைச் சட்டம் போட்டு டயர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வாடிக்கையாளர் யாராவது விலை அதிகம் என்றால் விரல் அந்தப் பக்கம் போகும். "இஞ்சினியரம்மா பார்த்து எழுதினது சார்." நான் எதையும் பார்த்து எழுதியிருக்கமாட்டேன். தலையை மட்டும் ஆட்டுவேன். அந்தத் தலையாட்டலுக்கு எந்தப் பருவத்திலும் எனக்குப் பாடம் இருந்ததில்லை, ஆனால் சுலபமாக வந்தது.

ஷெட் ஒரு நீளமான குகை. ஒரு பக்கம் முழுக்கச் சுவர். எதிர்ப்பக்கம் முழுக்கச் சாமான் மேசை. வண்டிகள் எப்போதும் மூக்கை உள்ளே நீட்டித்தான் வரும். அதனால் அங்கே இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. இடது என்றால் சுவர், வலது என்றால் மேசை. புதுச் சாமான் வந்தால் பெட்டியில் இடது என்று போட்டிருப்பதன் மேல் நான் சாக்பீஸால் 'சுவர்' என்று எழுதிவைப்பேன். வலது 'மேசை'. முப்பது வருடமாக நடந்துவந்த ஏற்பாடு அது. ஒரு தடவையும் பிசகியதில்லை.

இனி அத்தான். பெரியப்பாவின் ஒரே மகளை, என் அக்காவைக் கட்டியவர். தொழில் தையல். சொந்த மிஷின், சின்னக் கடை, நல்ல கை. ஆனால் நாடிக்காரரின் மாப்பிள்ளை தையல்காரர் என்பது நாடிக்காரருக்கு உறுத்தியது. கல்யாணமான மூன்றாம் மாதம் அத்தானை உட்கார வைத்துப் பேசினார்.

"ஊசியும் நூலும் எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை? ஷெட்டுக்கு வந்துடுங்க. மூணு வருஷம் கூட இருந்து பழகுங்க. அப்புறம் ஷெட் உங்களுது. நான் நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

அத்தான் அந்தச் சொல்லை நம்பி மிஷினை விற்றார், கடையைக் காலி செய்தார். அக்காவும் அவரும் பெரியப்பா வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். நான் சொல்லப்போகிற வாரத்தில் இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் முடிந்திருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் ஷெட் கைக்கு வரும் என்று அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கண் டாக்டரின் கார் வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. தரையோடு ஒட்டிக் கிடக்கும். "உக்காந்து ஓட்டற வண்டி இல்ல இது, படுத்து ஓட்டற வண்டி" என்றார் பெரியப்பா. டாக்டர் அதை வருடத்தில் எட்டு மாதம் போர்வை போட்டு மூடிவைத்திருப்பார். அடுத்த மாதம் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று இருந்தது. அதற்காக வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தபோது, பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது.

அன்று பெரியப்பா செய்ததை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலி மைதானத்துக்கு ஓட்டிப்போனார். வேகமெடுத்து, ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தளர்த்திவிட்டுப் பிரேக்கை அமுக்கினார். வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. டாக்டர் ஏதோ கடவுளைக் கூப்பிட்டார். பெரியப்பா இறங்கிவந்து முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். ஒன்று அடுப்பு, ஒன்று பச்சைத் தண்ணீர். பிறகு சூடான சக்கரத்தைத் தூக்கி வைத்து, காலிப்பரில் இருக்கும் நிப்பிளை ஒரு திருகு திருகினார். காலிப்பர் என்பது சக்கரத்தின் வட்டத் தட்டை இடுக்கி மாதிரிக் கவ்விப் பிடிக்கிற சாமான். நிப்பிள் அதன் உள்ளே இருக்கும் எண்ணெயையும் காற்றையும் வெளியே விடுகிற சின்னத் திருகாணி. எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது. அப்போதும் சக்கரம் சுற்றவில்லை.

"குழாயில அடைப்புன்னா, இப்ப அழுத்தம் போனதும் சக்கரம் விட்டிருக்கும். விடல. அப்ப காலிப்பர்லயே துரு. இது பிடிச்சா விடமாட்டேங்குது, அந்தப் பக்கத்துது பிடிக்கவே மாட்டேங்குது. ரெண்டையும் மாத்தணும் சார்."

எட்டுப் பருவம் படித்த எனக்கு அந்த ஒரு திருகு தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு தெரிந்த மனுஷர் என்பதால்தான் பிறகு நடந்ததை மன்னிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

வண்டியை ஷெட்டுக்குள் விடும்போது வாசல் மேட்டில் அதன் தாழ்ந்த மூக்கு உரசியது. "ஐயோ, மெதுவா!" என்று தன் மூக்கையே தேய்த்துவிட்டதுபோல டாக்டர் அலறினார். அதனால் வண்டியைத் திருப்பி, நான்கு பேர் சேர்ந்து பின்பக்கமாக உள்ளே தள்ளினோம். முகம் வாசலைப் பார்க்க, அது மூன்று வாரம் அப்படியே நின்றது. பழைய காலிப்பர்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று. புதியவை கடல் தாண்டி வந்தன. பெட்டியைப் பார்த்தேன். ஒன்றில் இடது, ஒன்றில் வலது. முப்பது வருட வழக்கப்படி சாக்பீஸை எடுத்து ஒன்றின் மேல் 'சுவர்' என்றும் இன்னொன்றின் மேல் 'மேசை' என்றும் எழுதினேன்.

மாட்டியது பெரியப்பாவே. "வெளிநாட்டுச் சாமான், நீங்க தள்ளியே நில்லுங்க மாப்பிள்ளை" என்று அத்தானைத் தொடவிடவில்லை. எண்ணெய்க் குழாய் நேராக உட்காராமல் முறுக்கிக்கொண்டு நின்றது. "கொஞ்சிக் கேட்டாத்தான் உக்காரும்" என்று ஸ்பேனரால் கொஞ்சினார். உட்கார்ந்தது.

அடுத்தது காற்று எடுப்பது. புதுச் சாமானுக்குள் காற்று நின்றால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். பெடல் அத்தானுக்கு, நிப்பிள் பெரியப்பாவுக்கு.

"அமுக்குங்க மாப்பிள்ளை!"

"அமுக்கிட்டேன் மாமா."

"பிடிங்க!"

"பிடிச்சிருக்கேன்."

"விடுங்க. அட, நான் மூடறதுக்குள்ள ஏன் விட்டீங்க?"

"நீங்க விடுங்கன்னு சொன்னப்புறம்தான் மாமா விட்டேன்."

"சொன்னா உடனே விட்டுடறதா? மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ண வேணாமா?"

பத்து நிமிட வேலை இது. மூன்று நாள் நடந்தது. எண்ணெய் டப்பாக்கள் காலியாகி வரிசையில் நின்றன. பெடல் பஞ்சாகவே இருந்தது. எண்ணெய் மட்டம் என்றார், வேறு எண்ணெய் வாங்கினோம். பெடலுக்குப் பின்னாலிருந்து எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் என்றார், அதைப் பிரித்து உள்ரப்பர்களை மாற்றினோம். சந்தேகப்பட வண்டியில் எதுவும் மிச்சமில்லாதபோது பார்வை அத்தானின் காலுக்கு வந்தது.

மாப்பிள்ளையை வாடா போடா என்று திட்ட முடியாது. அந்தத் தடையை வைத்தே பெரியப்பா ஒரு தனி வித்தை பழகியிருந்தார். மரியாதை ஒரு சொல்கூடக் குறையாது, மானம் மட்டும் போகும்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அது உங்க கால்தானா, இல்ல யார்கிட்டயாவது இரவல் வாங்கிட்டு வந்தீங்களா?"

"என் கால்தான் மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களே நல்லா விசாரிச்சுத்தானே எடுத்தீங்க" என்றார் அத்தான். நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா சிரிக்கவில்லை.

நான்காம் நாள் சனிக்கிழமை. மறுநாள் ஊர்வலம். காலையிலேயே டாக்டர் வந்துவிட்டார், கூட இரண்டு நண்பர்கள். எதிர்க்கடை டீக்காரரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். டாக்டர் பெடலை அமுக்கிப் பார்த்து, "இதை வெச்சு நான் நாளைக்கு எப்படிங்க போறது? நாடிக்காரர்னு சொன்னாங்களே" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் சுட்டிருக்க வேண்டும்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார்" என்றார் பெரியப்பா. "பெடல் அமுக்கறதுக்குக் கால்ல நிதானம் வேணும். நம்ம மாப்பிள்ளை தையல் மிஷின் மிதிச்சுப் பழகினவரு. கடகடன்னு மிதிச்சு உள்ள இருந்த காத்தோட வெளிக் காத்தையும் சேர்த்து ஏத்திட்டாரு. இவரை நம்பி நான் ஷெட்டைக் குடுக்கறதா இருந்தேன் பாருங்க!"

டாக்டரின் நண்பர்கள் சிரித்தார்கள். டீக்காரர் சிரிக்காமல் டம்ளரைப் பார்த்தார்.

பக்கத்து இருக்கையில் இருந்த அத்தான் காரிலிருந்து இறங்கினார். அந்தக் காரிலிருந்து யாராலும் கம்பீரமாக இறங்க முடியாது, ஊர்ந்துதான் வர வேண்டும். ஊர்ந்துவந்து நிமிர்ந்து, கையைத் துடைத்து, துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப அந்த மூணு வருஷப் பேச்சு, மாமா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனவர் அந்த ஷெட்டுக்கு அதற்கப்புறம் வரவில்லை.

சாயங்காலம் வண்டி தயார் என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, பெரியப்பா பெடலுக்கு என்னை உட்கார வைத்தார். இன்னும் பஞ்சுதான். மதியம் பெரியம்மா சாப்பாடு கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்ப்பவர், காலை ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, சக்கரத்தடியில் கிடக்கும் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடியில ஆணி மாதிரி இருக்கே, அது என்ன?"

"காத்து வெளிய வர்ற வழி."

"காத்து அடி வழியாவா வரும்?"

"உனக்கென்ன தெரியும்? சாப்பாட்டை எடுத்து வை."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். வார்டுல டிரிப் ஏத்தறப்ப டியூப்ல குமிழி வந்தா நர்ஸு ஒரு சுண்டு சுண்டுவா, மேல ஏறிப் போயிடும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு குமிழிகூட கீழ இறங்கிப் போய் நான் பார்த்ததில்ல. உங்க கார்ல இறங்குமோ என்னமோ."

பெரியப்பாவின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. நிப்பிள் மேலே இருக்க வேண்டியது. அடியில் இருந்தால் எண்ணெய் மட்டும் வந்துகொண்டே இருக்கும், காற்று மேலே சுகமாகக் குடியிருக்கும். நான் திரவ அழுத்தத்தைப் பற்றிப் பதினாறு மதிப்பெண்ணுக்குப் படத்துடன் எழுதியவள். நான்கு நாளாக இதன் பக்கத்தில் நின்றவள். காரிலிருந்து ஊர்ந்து இறங்கிச் சுவரைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன், வாசலைப் பார்த்து நிற்கும் காரின் முகத்தைப் பார்த்தேன்.

"பெரியப்பா, வண்டி திரும்பி நிக்குது. இதுக்குச் சுவர்ப் பக்கம் வலது. ரெண்டு காலிப்பரும் பக்கம் மாறி, தலைகீழா உக்காந்திருக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கணக்குப் போட அவருக்கு மூன்று வினாடி ஆனது. நான்காவது வினாடியில் சொன்னார்:

"சாக்பீஸ்ல எழுதினது நீதானே?"

"நான்தான்."

"மாட்டினது யாரு?" என்றார் பெரியம்மா.

"சாப்பாடு ஆறுது" என்றார் பெரியப்பா.

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினோம். இந்தத் தடவை குழாயைக் கொஞ்ச வேண்டியிருக்கவில்லை. பத்துத் தடவை அமுக்கியிருப்பேன். எண்ணெயோடு குமிழிகள் பொரிந்து வெளியே வந்தன. பெடல் கல்லாக நின்றது. மைதானத்துக்குப் போய் கையைத் தளர்த்திப் பிரேக் அடித்தார். வண்டி கோடு போட்டதுபோல நேராக நின்றது.

சாயங்காலம் டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "அட! என்ன பண்ணினீங்க?" என்றார். டீக்காரரும் அதே இடத்தில் நின்றார். காலையில் பேசிய வாயால் திருத்திச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

"ஆளை மாத்தினேன் சார்" என்றார் பெரியப்பா. "இஞ்சினியரம்மா கால் வெச்சா. காத்து பயந்து ஓடிடுச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

அத்தானின் கால் குற்றவாளி என்பதற்கு என் கால் சாட்சியாகிவிட்டது. படிப்பு எதற்கு என்று எங்கள் வீட்டில் யாராவது கேட்டால், அநியாயத்துக்கு முத்திரை குத்த என்று சொல்லலாம்போல இருந்தது. இதை எழுதும்போதும், அன்றைக்குப் பயந்தேனா, இல்லை அந்தப் புகழ் கொஞ்சம் பிடித்திருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்குமோ என்றுதான் சந்தேகம்.

அன்று விளக்கு வைத்ததும் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸ், காலிப்பர், என் தலையாட்டல் எல்லாம். அக்கா கீழே இறங்கிப் போய்க் கத்தப் புறப்பட்டாள். அத்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ வந்து சொன்னியே, உன் பங்கு முடிஞ்சுபோச்சு" என்றார் என்னிடம். "அவர் பங்கு அவர் வாயிலிருந்து வரட்டும். ஷெட்டுகூட வேணாம். டீக்கடைக்காரர் முன்னாடி சொன்னதை, என் முன்னாடி மட்டுமாவது திருத்திச் சொல்லட்டும். அது போதும்."

அது வரவில்லை. மாதக் கடைசியில் அவர்கள் வாடகை வீட்டுக்குப் போனார்கள். சொந்த மிஷினை விற்றவர் மூன்று தெரு தள்ளி வேறொருவர் கடையில், வேறொருவர் மிஷினில் உட்கார்ந்தார். பெரியப்பாவோ, பஞ்சுப் பெடலைக் கல்லாக்கிய கதையை வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அத்தானின் கால் இன்னும் கொஞ்சம் மோசமானது.

பெரியம்மா ஒரு நாள் சோற்றுத் தட்டை வைக்காமல் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு இந்த வாசப்படி மிதிச்சு மூணு மாசமாச்சு. போய்ச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் சாப்பிடலாம்." என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போ. தனியா விட்டா வழியிலயே வேற கதை ஆயிடும்" என்றார்.

பெரியப்பா கையில் சட்டைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். சும்மா போனால் நன்றாக இருக்காதாம்.

"'மாப்பிள்ளை, தப்பு என்னுது.' மூணே மூணு வார்த்தை. இதுக்கு எதுக்குச் சாட்சி?" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொல்லிப் பார்த்தார். தெளிவாகத்தான் சொன்னார். மூன்று தெருவிலும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையில் வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. அத்தான் எழுந்து நின்றார்.

"வாங்க மாமா."

"ஒரு சட்டை தைக்கணும் மாப்பிள்ளை."

"கையைத் தூக்குங்க."

பெரியப்பா இரண்டு கையையும் விரித்து நின்றார். டேப் மார்பைச் சுற்றியது, தோளுக்கு ஏறியது. அத்தான் ஒவ்வோர் அளவாகச் சீட்டில் குறித்தார். கழுத்துக்கு வந்தபோது இரண்டு முகங்களும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"மாப்பிள்ளை" என்றார் பெரியப்பா. அது முதல் வார்த்தை.

அத்தானின் கை டேப்போடு அப்படியே நின்றது. "சொல்லுங்க மாமா."

"அந்த டாக்டர் கார் இருக்கு பாருங்க."

"ஆமா."

"அதுல..." வலது முன்பாதம் தரையை அமுக்கியது. "அதுல சீட்டு உறை கிழிஞ்சிருக்காம். நல்ல தையல்காரர் யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. உங்களைத்தான் சொல்லியிருக்கேன்."

அத்தான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். பிறகு கழுத்து அளவைக் குறித்துக்கொண்டார்.

"கொண்டு வரச் சொல்லுங்க. வேற ஏதாவது இருக்கா மாமா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"ரெண்டு பாக்கெட் வெச்சுடுங்க."

அத்தான் அதையும் எழுதிக்கொண்டார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெரியப்பா அதற்கப்புறமும் நான்கு தடவை துணியோடு போய் அளவு கொடுத்துவிட்டு வந்தார். எல்லாச் சட்டையும் கச்சிதமாக இருக்கிறது. இரண்டு வார்த்தை இன்னும் பாக்கி.